சிடியிலிருந்து கணினிக்கு: இழப்பில்லா ஒலிக்கோப்பு வகைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

இழப்பில்லா ஒலிக்கோப்பு வகைகளை, அதாவது ஒலியில் எதையும் வெட்டாமல் சேமிப்பவற்றை, ஒப்பிட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் காதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரே பாட்டை வேவில் ஒரு தடவை, ஃப்ளாக்கில் ஒரு தடவை போட்டு, "இதுல பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்குல்ல?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். அவரும் தலையாட்டுவார். வேலை அங்கேயே தடம் மாறிவிடும்.

ஃப்ளாக், ஆலாக், வேவ், ஏஐஎஃப்எஃப், வேவ்பேக், மங்கீஸ் ஆடியோ என எதில் சேமித்தாலும், திறக்கும்போது வெளியே வருவது ஒரே எண் வரிசை. எண் ஒன்றென்றால் ஒலியும் ஒன்று. வேறுபடுவது நான்கு விஷயங்கள்: கோப்பின் அளவு, பாட்டின் விவரத்தை எழுதும் வசதி, கோப்பு கெட்டால் தெரியவருமா என்பது, வீட்டிலுள்ள கருவி அதை ஏற்குமா என்பது. இவற்றை எந்த வரிசையில் பார்த்து முடிவெடுப்பது என்பதே கீழே இருப்பது. காதுக்கு வேலை கடைசியில்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், தோட்ட லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறி வந்தவர்களின் கண்ணாடி அலமாரிகளில் சிடிக்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது புதியவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து எழுதியது இது. கேசட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது பாதிதான் உதவும். நாடாவிலிருந்து பதிவது தனி வேலை.

1. உட்காருவதற்கு முன் வேண்டியவை

விண்டோஸ் கணினி, சிடி டிரைவ், குறைந்தது 50 ஜிபி காலி இடம். மடிக்கணினியில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பி டிரைவ் போதும். ஆனால் அதை யூஎஸ்பி ஹப் வழியாக இணைக்காதீர்கள். வட்டு வேகமெடுக்கும்போது டிரைவ் அதிக மின்சாரம் இழுக்கும். ஹப்பால் அதைக் கொடுக்க முடியாமல் இணைப்பு பாதியில் அறுந்துபோகும்.

மென்பொருள்களில் சிடியைப் படிக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மாற்றவும் கேட்கவும் ஃபூபார்2000, விவரம் எழுத எம்பி3டேக், அலைவரிசையைப் படமாகப் பார்க்க ஸ்பெக். நான்கையும் காசில்லாமல் வீட்டில் பயன்படுத்தலாம். ஃபூபாருக்கு மட்டும் அதன் இலவச என்கோடர் தொகுப்பையும், பிட் ஒப்பீடு, ஏபிஎக்ஸ் (பெயரை மறைத்துக் கேட்கும் சோதனை), கோப்புச் சரிபார்ப்பு ஆகிய துணை உறுப்புகளையும் சேர்த்தே நிறுவுங்கள். தோட்டத்துக்குள் கைப்பேசி டேட்டாவை நம்பி இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் டவுன்லோட் செய்து பெண்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. மேக் வைத்திருப்பவர்களுக்குப் படிக்கவும் மாற்றவும் எக்ஸ்எல்டி என்ற ஒரே மென்பொருள் போதும்.

2. கருவிகளின் பட்டியலை முதலில் எழுதுங்கள்

இதைக் கடைசியில் செய்கிறவர்கள்தான் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை மாற்றுகிறார்கள். பாட்டு எங்கெல்லாம் ஓட வேண்டும்? கணினி, கைப்பேசி, டிவி, காடியில் (காரில்) உள்ள பிளேயர் என ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

ஐபோனும் ஆப்பிள் மியூசிக் செயலியும்தான் வீட்டில் முக்கியம் என்றால், அந்தச் செயலி ஃப்ளாக்கைத் தன் நூலகத்தில் சேர்த்துக்கொள்ளாது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆலாக்கை ஏற்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஃப்ளாக்கைத் தானாகவே படிக்கும். விண்டோஸ் 10 முதல் ஃப்ளாக், ஆலாக் இரண்டுமே ஓடும். காடியும் டிவியும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அவற்றை விளம்பரத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள், பின்னால் பெண்டிரைவில் போட்டுச் சோதிக்கலாம்.

3. மூலம் அசல்தானா?

மொத்த வேலையிலும் இதுதான் பெரிய படி. எம்பி3 கோப்பை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்கும், வெட்டியெறிந்த ஒலி திரும்பி வராது. இது பலருக்கும் தெரியும். தெரியாதது, கையில் இருக்கும் சிடியே எம்பி3-யிலிருந்து எழுதப்பட்டதாக இருக்கலாம் என்பது.

வட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆலையில் அச்சான வட்டு வெள்ளியாக மின்னும். பச்சை அல்லது நீலச் சாயம் தெரிந்தால் அது கணினியில் எழுதிய வட்டு. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு காலத்தில் விற்ற தொகுப்புகளில் இந்த ரகம் ஏராளம். பிளேயரில் சாதாரண சிடி போலவே பாடும், உள்ளே இருப்பது 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-யை விரித்து எழுதியதாக இருக்கும். ஒரே வட்டில் நூறு பாட்டு என்றால் சோதனையே வேண்டாம். அது எம்பி3 வட்டுதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு பாட்டை எடுத்து ஸ்பெக்கில் திறங்கள். சிடியின் மாதிரி வேகம் (வினாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸ், அதனால் படத்தின் மேல் எல்லை அதில் பாதியாக, 22 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 வழியாக வந்த பாட்டில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் அறுத்ததுபோல் நேர்க்கோடு தெரியும், அதற்கு மேல் கறுப்பு. 320 கேபிபிஎஸ் என்றால் அந்தக் கோடு 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும், கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம்.

இங்கே புதியவர்கள் எதிர்ப்பக்கமாகவும் தவறுகிறார்கள். 1950, 60களின் படப்பாடல்களில் மேல் அலைவரிசை இயல்பாகவே குறைவு. அன்றைய ஒலிப்பதிவு அவ்வளவுதான் பிடித்தது. அதைப் பார்த்துவிட்டு அசல் சிடியைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய பதிவில் ஒலி மேலே போகப் போக மெல்ல மங்கும். எம்பி3-யில் கோடு போட்டு நிற்கும். பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, விளிம்பை.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விலைக்கு வாங்கிய கோப்புகளுக்கும் இதே சோதனை பொருந்தும். 48 வரை இடம் இருந்தும் ஒலி 22-இலேயே முடிந்துவிட்டால், அநேகமாகச் சிடியைத்தான் ஊதிப் பெருக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இடம் மட்டும் மூன்றே கால் மடங்கு போகும். எம்க்யூஏ என்ற பெயரோடு ஃப்ளாக் உறைக்குள் வருவதும் இழப்பில்லா வகையில் சேராது.

4. சிடியைச் சுத்தம் செய்து, பிழையில்லாமல் எடுங்கள்

நம் ஊர் ஈரத்தில் வட்டின் ஓரங்களில் வெள்ளையாகப் பூசணம் படியும். சிடி உள்ளிருந்து வெளியாகப் படிக்கப்படுவதால், வட்டு நிறையப் பாட்டு இருந்தால் ஓரத்துப் பூசணம் கடைசிப் பாட்டுகளைத்தான் கெடுக்கும். "முதல் எட்டுப் பாட்டு நல்லாதான் இருக்கு, டிரைவ்தான் கோளாறு" என்று சொல்லிக்கொண்டு புது டிரைவ் வாங்கப் போகிறவர்கள் உண்டு. முதலில் வட்டைக் கழுவிப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். குறுக்கே விழும் கீறலைச் சிடியின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். தடத்தின் போக்கிலேயே நீளமாக விழுந்தால் சமாளிக்காது. பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒலியைத் தாங்கும் படலம் அந்த அச்சுக்கு அடியில் மெல்லிய பூச்சோடுதான் இருக்கிறது.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, சோதித்துவிட்டு நகலெடுக்கும் கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படித்து இரண்டு சரிபார்ப்பு எண்களைக் காட்டும். இரண்டும் ஒன்றானால் சரி. ஆக்யுரேட்ரிப் என்ற வசதி உங்கள் நகலை மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிடும். ஆனால் தமிழ் வட்டுகள் பல அந்தப் பட்டியலிலேயே இல்லை. "கிடைக்கவில்லை" என்று வந்தால் நகல் கெட்டது என்று அர்த்தமில்லை. நமக்குச் சோதனை அந்த இரண்டு எண்கள்தான்.

இப்போதைக்கு வேவாகவே சேமியுங்கள். ஒப்பிடப்போகும் எல்லா வகைக்கும் இதுவே தாய்க்கோப்பு.

5. மூன்று பாட்டுகளை எல்லா வகையிலும் மாற்றுங்கள்

மொத்தச் சேகரிப்பையும் இப்போது தொடாதீர்கள். மூன்று பாட்டு போதும்: ஒரு பழைய மோனோ பாட்டு, தாளம் நிறைந்த ஒரு புதிய படப்பாட்டு, வீணையோ புல்லாங்குழலோ தனியாக வரும் ஒன்று. மூன்றும் மூன்று விதமாகச் சுருங்கும் என்பதால்தான் இந்தத் தேர்வு.

ஃபூபாரில் பாட்டைத் தேர்ந்து, வலது பொத்தானை அழுத்தி, மாற்றும் கட்டளையில் ஃப்ளாக், ஆலாக், வேவ்பேக், ஏஐஎஃப்எஃப், விருப்பமிருந்தால் மங்கீஸ் ஆடியோ என்று தனித்தனி ஃபோல்டர்களில் போடுங்கள். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் பெயர் குழம்பும். ஆலாக் கோப்பு எம்4ஏ என்ற பின்னொட்டோடு வரும். இழப்புள்ள ஏஏசி கோப்புக்கும் அதே பின்னொட்டுதான். பின்னாளில் எது எது என்று தெரியாமல் தவிப்பது இதனால்தான்.

ஃப்ளாக்கில் 0 முதல் 8 வரை சுருக்க நிலைகள் உண்டு, தானாக வருவது 5. எட்டில் வைத்தால் ஒலி உயரும் என்றோ ஐந்தில் தாழும் என்றோ நினைக்க வேண்டாம். எந்த நிலையிலும் எண்கள் முழுதாகத் திரும்பி வரும். 8 கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் பிடிக்கும், அவ்வளவுதான்.

6. எண்கள் ஒன்றுதானா?

தாய் வேவையும் ஒரு ஃப்ளாக்கையும் சேர்த்துத் தேர்ந்து, பிட் ஒப்பீட்டை ஓட்டுங்கள். வேறுபாடு எதுவும் இல்லை என்று வர வேண்டும். ஆலாக், வேவ்பேக் எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள்.

வேறுபாடு வந்தால் மாற்றும்போது எங்கோ ஒலிச் செயலாக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றும் அமைப்பில் ஒலியளவைச் சமன்செய்வதோ மாதிரி வேகத்தை மாற்றுவதோ இயங்குகிறதா என்று பாருங்கள். ஒப்பீடு தேறாத கோப்பை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

7. அளவைப் பாருங்கள், ஆனால் மயங்காதீர்கள்

சிடி ஒலி வினாடிக்கு 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு வேவிலும் ஏஐஎஃப்எஃப்பிலும் ஏறக்குறைய 53 எம்பி. ஃப்ளாக்கும் ஆலாக்கும் அதைப் பெரும்பாலும் பாதியிலிருந்து எழுபது விழுக்காட்டுக்குள் கொண்டுவரும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சொற்பம். மங்கீஸ் ஆடியோ இன்னும் இறுக்கும். ஆனால் சுருக்கியதற்கு ஆன அளவு உழைப்பு ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பிரிப்பதற்கும் ஆகும். பழைய மடிக்கணினியில் விசிறி இரைவதற்கும் கைப்பேசியில் பேட்டரி இறங்குவதற்கும் அது போதும்.

மோனோ பாட்டைத் தனியாகக் கவனியுங்கள். சிடியில் இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலிதான் இருந்தால் ஃப்ளாக் அதைக் கண்டுபிடித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். கோப்பு திடீரென்று மிகச் சிறியதாக வரும். "பாதி போயிருச்சே!" என்று பதறி வேவுக்கே திரும்பி ஓடுகிறவர்கள் உண்டு. எதுவும் போகவில்லை, முந்தைய படியில் பிட் ஒப்பீடு செய்துவிட்டோமே. சத்தம் உயர்த்தி அடர்த்தியாகக் கலந்த புதிய பாட்டு நேர்மாறாக அதிகம் சுருங்காது. அளவு சொல்வது இசையின் அடர்த்தியை. தரத்தை அதில் தேடாதீர்கள்.

வேவுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சிடி தரத்தில் அது ஆறே முக்கால் மணி நேரம், யாரும் தொடப்போவதில்லை. கோயில் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிகிறவர்களுக்கோ இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முடிந்துவிடும்.

8. தமிழில் பெயர் எழுதிப் பாருங்கள்

ஒப்பீட்டில் நமக்கு மிகவும் உதவும் சோதனை இது. எம்பி3டேக்கில் எல்லாக் கோப்பையும் திறந்து, பாட்டின் பெயர், பாடகர், இசையமைப்பாளர், படம் ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் போட்டு, அட்டைப்படத்தையும் சேருங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பையும் முன்பு எழுதிய எல்லாக் கருவியிலும் திறங்கள்.

ஃப்ளாக் தன் விவரங்களை யூனிகோடில்தான் வைக்கும். ஆலாக்கிலும் தமிழ் ஒழுங்காக நிற்கும். வேவில்தான் வம்பு. அதன் பழைய விவரப் பகுதியில் எழுத்துக் குறியீடு எது என்று வரையறையே இல்லை. ஒரு செயலியில் எழுதிய தமிழ் இன்னொன்றில் கேள்விக்குறிகளாக வரும், அட்டைப்படம் காணாமல் போகும். வேவ்தான் அசல், அதையே வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இந்தச் சோதனைக்குப் பிறகு இறங்கி வருவார்கள்.

இணையப் பட்டியலிலிருந்து தானாக வரும் பெயர்களை அப்படியே ஏற்காதீர்கள். இளையராஜா பெயரையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டியிருப்பார்கள். மென்பொருள் அவரை மூன்று நான்கு இசையமைப்பாளர்களாகப் பிரித்துக் காட்டும். ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய பழைய விவரங்கள் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அவற்றைத் திருத்த முயல்வதைவிட அழித்துவிட்டுத் தட்டுவதுதான் வேகம்.

கோப்பின் பெயர் மட்டும் சுருக்கமாக இருக்கட்டும். பாட்டின் முதல் வரி, படம், பாடகர்கள் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே அடைப்பது நம்மவர்களின் வழக்கம். விண்டோஸில் ஃபோல்டர் வழியோடு சேர்த்து 260 குறிகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திணறும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். "கொ" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறி. நெட்வொர்க் டிஸ்க் பெட்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் லினக்ஸில்தான் சேமிக்கிறார்கள்.

9. வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் எடுத்து, ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் மென்பொருள்) நடுப்பகுதியில் சில பைட்டுகளை மாற்றிச் சேமியுங்கள். பிறகு ஃபூபாரின் கோப்புச் சரிபார்ப்பை ஓட்டுங்கள்.

ஃப்ளாக் உடனே பிழை என்று சொல்லும். அதன் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு, முழுப் பாட்டுக்கும் எம்டி5 எண் தனியாக உள்ளே இருக்கிறது. கெடுதலும் அந்தத் துண்டோடு நிற்கும். சிடி தரத்தில் ஒரு துண்டு பத்தில் ஒரு வினாடிக்கும் குறைவு. வேவ்பேக்கும் மங்கீஸ் ஆடியோவும் பிழையைக் கண்டுபிடிக்கும். வேவும் ஏஐஎஃப்எஃப்பும் எதுவும் சொல்லாது, பாட்டின் நடுவே ஒரு "டக்" மட்டும் கேட்கும். ஆலாக்கில் ஒலிக்கென்று சரிபார்ப்பு எண் இல்லை. சில சமயம் தற்செயலாகப் பிடிபடும், சில சமயம் நழுவும்.

பிற்பகல் ஆனால் இடி, மழை, மின்வெட்டு என்று இருக்கும் ஊரில் டிஸ்க் கெடுவது அபூர்வம் இல்லை. என்னைப் பொறுத்தவரை ஃப்ளாக் முந்துவது இந்தப் படியில்தான்.

10. இனி கேளுங்கள்

முதலில் கணினியின் வெளியீடு. விண்டோஸ் எல்லா ஒலியையும் ஏதாவது ஒரு மாதிரி வேகத்துக்கு மாற்றிக் கலந்துதான் வெளியே அனுப்பும். ஒலிச் சாதனத்தின் பண்புகளில் 44,100 ஹெர்ட்ஸைத் தேர்ந்து, ஒலி மேம்பாடுகளை அணையுங்கள். இல்லையென்றால் ஃபூபாரின் வெளியீட்டில் வாசாபி தனியுரிமை முறையை வைத்தால் விண்டோஸின் கலவையைத் தாண்டி நேராகப் போகும். புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். எஸ்பிசி, ஏஏசி போன்ற வழக்கமான வழிகளில் போகும்போது ஒலி மறுபடி இழப்போடு சுருக்கப்படுகிறது.

பாட்டுகளின் சத்தத்தைச் சமமாக்கும் ரீபிளேகெயின் வசதியையும் அணையுங்கள். ஒரு கோப்பில் அந்த விவரம் இருந்து மற்றதில் இல்லையென்றால் ஒன்று கொஞ்சம் சத்தமாகப் பாடும், சத்தமாக இருப்பதைக் காது நல்லதென்று சொல்லிவிடும். "பேஸ் தூக்கல்" புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

பிறகு ஏபிஎக்ஸ். பெயரை மறைத்து மாற்றி மாற்றிப் போடும், எது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடக்க 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பு. எட்டு, ஒன்பது என்று வந்தால் காசு சுண்டிப் போட்டதற்குச் சமம். வேவுக்கும் ஃப்ளாக்குக்கும் இதைச் செய்து பார்த்தால் போதும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யோடும் ஒரு தடவை செய்யுங்கள். உங்கள் காது எங்கே வித்தியாசம் பிடிக்கிறது என்று அதில் தெரியும்.

11. தேர்வு

கணினியும் ஆண்ட்ராய்டும் உள்ள வீட்டுக்கு ஃப்ளாக். வீடு முழுக்க ஆப்பிள் என்றால் ஆலாக். ஆப்பிள் அதன் மூலநிரலை 2011-இல் பொதுவில் விட்டுவிட்டதால் பின்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வேண்டாம். ஒலியைத் திருத்தி வெட்டி ஒட்டும் வேலைக்கு வேவ், வேலை முடியும் வரை மட்டும். மங்கீஸ் ஆடியோவைப் புதிதாகத் தொடங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. யாராவது கொடுத்தால் ஃப்ளாக்காக மாற்றிவிடுங்கள்.

தேர்வு தப்பானாலும் பெரிய நஷ்டமில்லை. இழப்பில்லா வகைகளுக்குள் எதிலிருந்து எதற்கும் மாறலாம், ஒலி குறையாது. ஒரு இரவு கணினியை ஓடவிட வேண்டியிருக்கும், அவ்வளவே.

12. மொத்தமாக மாற்றி, நகல் எடுத்து, அப்புறம் காடிக்கு

ஒவ்வொரு ஆல்பமாக மாற்றி, சரிபார்ப்பை ஓட்டி, பிழையில்லை என்று வந்த பிறகே வேவை அழியுங்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில் சரிபார்த்தால், பிழை வந்த பாட்டுக்கு மறுபடி சிடியைத் தேட வேண்டிவரும்.

வெளி டிஸ்க் ஒன்றில் முழு நகல் வையுங்கள். நகல் முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி விடுங்கள். மின்னல் வயரில் இறங்கினால் சொருகியிருக்கும் இரண்டும் சேர்ந்தே போகும். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும் சாக்கில் ஆண்டுக்கு ஒரு தடவை இரண்டு டிஸ்க்கிலும் சரிபார்ப்பை ஓட்டுங்கள். ஒன்றில் பிழை வந்த பாட்டை மற்றதிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

காடி பிளேயர் ஃப்ளாக்கை ஏற்கவில்லை என்றால் அதற்கென்று எம்பி3 நகல்களைத் தனி ஃபோல்டரில் உருவாக்குங்கள். பெண்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கட்டும், பல பிளேயர்களுக்கு அதுதான் புரியும். திரையில் தமிழ் கட்டம் கட்டமாக வந்தால் அந்த நகல்களில் மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். ஃப்ளாக்கில் உள்ள தமிழைத் தொடாதீர்கள். அந்த எம்பி3 ஃபோல்டரை இழப்பில்லா கோப்புகளோடு ஒரே இடத்தில் வைக்கவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து யாராவது இரண்டையும் கலந்துவிட்டால், மறுபடி மூன்றாம் படியிலிருந்து ஸ்பெக்கைத் திறந்து உட்கார வேண்டும்.